பஸ் வரவில்லையா, வந்தும் நிற்கவில்லையா: சேலத்துப் பயணிக்கு ஒரு கைவைத்தியம்

கன்னங்குறிச்சிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வாரிசுச் சான்று, பட்டா, முதியோர் பென்ஷன் என்று மனு டைப் அடித்துக் கொடுப்பதுதான் பாதிப் பிழைப்பு, அதில் மாதத்துக்கு நாலைந்து பஸ் மனு தவறாமல் வந்துவிடும். இத்தனை வருடத்தில் ஒன்று மட்டும் தெரிந்துகொண்டேன். "எங்கள் பகுதிக்குப் பேருந்து சரிவர வருவதில்லை, தாங்கள் ஆவன செய்ய வேண்டுகிறோம்" என்று போன மனு எதுவும் நகர்ந்து நான் பார்த்ததில்லை. "காலை 8.10 நடை, இந்த மாதம் பார்த்த 14 நாளில் 6 நாள் வரவில்லை, தேதிகள் கீழே" என்று போனது பெரும்பாலும் நகர்ந்திருக்கிறது. (நடை என்றால் வண்டி ஓடும் ஒரு டிரிப்.) அதனால் கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் கையில் ஒரு நோட்டு வேண்டும். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் போதும்.

முதலில்: அது யார் வண்டி?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதிய மனுதான் தப்பான ஆபீசுக்குப் போய் மூன்று மாதம் தூங்கும். நம்பர் பிளேட்டைப் பாருங்கள். டிஎன் 30 என், டிஎன் 29 என் என்று ஊர் எண்ணுக்கு அடுத்து "என்" எழுத்து வந்தால் அது அரசு போக்குவரத்துக் கழக வண்டி. கேட்க வேண்டிய இடம் பணிமனை, அதாவது டெப்போ. வேறு எழுத்து என்றால் தனியார் டவுன் பஸ் அல்லது மினி பஸ். அதற்குப் பர்மிட் கொடுத்தது ஆர்டிஓ ஆபீஸ், போக வேண்டியதும் அங்கேதான். சேலத்துக்குள்ளேயே மேற்கு, கிழக்கு, தெற்கு என்று மூன்று ஆர்டிஓ இருப்பதால் எது என்று தெரியாவிட்டால் கண்டக்டரிடமே கேட்டுவிடலாம். ஒரே தடத்தில் அரசு வண்டியும் தனியார் வண்டியும் மாறி மாறி ஓடுவது இங்கே சகஜம். வராமல் போனது எது என்று தெரியாமல் எதையும் தொடங்காதீர்கள்.

அறிகுறி 1: குறிப்பிட்ட நேரத்து வண்டி வரவே இல்லை

செலவில்லாத காரணத்திலிருந்து பார்ப்போம்.

இடம் மாறி நிற்கிறீர்களா? சிரிக்காதீர்கள், என் கடைக்கு வந்த புகாரில் கணிசமானவை இதுதான். டவுன் பஸ் பெரும்பாலும் பழைய பேருந்து நிலையத்திலிருந்து, வெளியூர் வண்டி மெய்யனூர் புது பேருந்து நிலையத்திலிருந்து என்பது சேலத்துக்காரனுக்குத் தெரியும். ஆனால் பழையது ஈரடுக்காகி 2023ல் திறந்த பிறகு, பழைய ஞாபகத்தில் பழைய இடத்திலேயே போய் நிற்கும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே போய் உங்கள் தடத்து வண்டி எந்த வரிசையில் நிற்கிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

திருவிழாவா? ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் ஊருக்குள் பாதை மாற்றி விடுவார்கள். வண்டி ஓடும், உங்கள் தெரு வழியாக ஓடாது. சாலையில் குழாய்க்குத் தோண்டியிருந்தாலும் இதே கதைதான். ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

ஞாயிறா, பள்ளி லீவா? பள்ளி நேரத்துக்கென்றே விட்ட நடைகள் லீவு நாளில் வராமல் போகலாம். திங்கட்கிழமை வருகிறதென்றால் பிழை இல்லை, ஏற்பாடே அப்படி.

இதெல்லாம் இல்லை என்றால் நேரக் காப்பாளரிடம் போங்கள். பேருந்து நிலையத்தில் சின்ன அறையில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பார். இந்த விஷயத்தில் ஊரிலேயே அதிகம் தெரிந்தவர் அவர்தான், அவரிடம் யாரும் கேட்பதே இல்லை. "ஏன் சார் பஸ் விடமாட்டேங்கறீங்க" என்று ஆரம்பித்தால் காது அடைத்துக்கொள்ளும். "அண்ணா, 8.10 நடை நேரம் மாறிடுச்சுங்களா" என்று கேளுங்கள். மூன்றில் ஒரு பதில் வரும்.

"நேரம் மாறிடுச்சு" என்றால், புது நேரத்தை எழுதிக்கொண்டு வந்து ஸ்டாப்பில் ஒரு அட்டையில் ஒட்டுங்கள். முடிந்தது.

"வண்டி பிரேக் டவுன், ஸ்பேர் இல்லை" அல்லது "டிரைவர் லீவு" என்றால், இது அன்றைக்கு மட்டுமா, அடிக்கடியா என்று பார்க்க வேண்டும். இங்கேதான் நோட்டு. தொடர்ந்து 14 நாள் தேதி, வர வேண்டிய நேரம், வந்த நேரம், வண்டி எண். வராத நாளில் "வரவில்லை" என்று மட்டும் எழுதுங்கள், கோபத்தை எழுதாதீர்கள். ஸ்டாப்பில் நிற்கும் மூன்று நான்கு பேர் முறை வைத்துக் குறித்தால் ஒரு நாளும் விடுபடாது. இரண்டு வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போயிருந்தால் பணிமனைக் கிளை மேலாளரை நேரில் பாருங்கள், ஒரு நகலைக் கொடுத்து இன்னொரு நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். முத்திரை வாங்காத மனு கொடுக்காத மனு.

"அந்த நடையையே எடுத்துட்டாங்க" என்றால், ஸ்டாப்பில் நின்று தீராது. கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஊருக்குள் வந்து திரும்ப வேண்டிய வண்டி, நேரமாகிவிட்டால் கடைசி இரண்டு ஸ்டாப்பை விட்டுவிட்டுப் பாதியிலேயே திரும்பிவிடும். கணக்கில் நடை ஓடியதாகவே இருக்கும். எங்கள் தடம் ஒன்றில் இது ஆறு மாதம் நடந்தது, "எல்லா நடையும் ஓடியிருக்கே" என்று ஆபீசில் சாதித்தார்கள். கடைசி ஸ்டாப்பில் மளிகை வைத்திருக்கும் அக்கா ஒருவர் தினமும் வந்த வண்டியின் எண்ணைக் கடன் நோட்டில் குறித்து வைத்திருந்தார். அதை ஜெராக்ஸ் எடுத்து வைத்த பிறகுதான் பேச்சு மாறியது. ஆகவே கடைசி ஸ்டாப்காரர்கள் குறிக்கும் கணக்குக்கு மதிப்பு அதிகம்.

அறிகுறி 2: வண்டி வருகிறது, நிற்காமல் போகிறது

முதலில் நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்க்க வேண்டும். எங்கள் ஸ்டாப்பில் நிழற்குடை ஓரிடம், வேப்பமரம் நாற்பது அடி தள்ளி. சித்திரை வெயிலில் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே மனுசன் நிற்க முடியாது, அதனால் எல்லாரும் மரத்தடியில் நிற்பார்கள். டிரைவர் நிழற்குடைக்கு நேராக வேகத்தைக் குறைப்பார், ஆள் இல்லை, எடுத்துவிடுவார். மரத்தடியில் நிற்கிறவர்கள் கையை ஆட்டும்போது வண்டி மூன்றாவது கியரில் இருக்கும். ஒரு வருடம் இதற்கு மனு போட்டோம். கடைசியில் அதைத் தீர்த்தது மரத்தடியில் பூ விற்கும் அம்மாதான். வண்டி முக்கில் திரும்பும்போதே "ஏய், எழுந்து போங்க" என்று சத்தம் போட ஆரம்பித்தார், பிரச்சினை முக்கால்வாசி போய்விட்டது. மீதிக் கால்வாசிக்கு நிழற்குடையை மரத்துப் பக்கம் நகர்த்தச் சொல்லி மாநகராட்சி வார்டு கவுன்சிலரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். நிழற்குடை உள்ளாட்சி சமாச்சாரம், அதற்கு டெப்போவில் போய்ச் சண்டை போடாதீர்கள்.

அடுத்தது, பஸ் ஒதுங்கும் இடத்தில் ஆட்டோவும் டூவீலரும் நிற்கிறதா? நடுரோட்டில் நிறுத்தி ஆள் ஏற்றினால் பின்னால் ஹாரன் அடிப்பார்கள் என்று டிரைவர் ஓரம்கட்டாமலே போய்விடுவார். போட்டோ எடுத்துப் போக்குவரத்துப் போலீசிடம் கொடுங்கள்.

வண்டி நிறைந்து வருகிறதா? அப்படியென்றால் நிற்காமல் போனது அறிகுறிதான், நோய் வேறு. காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை அஸ்தம்பட்டிப் பக்கமும் சாரதா கல்லூரி ரோட்டிலும் படியில் தொங்கிக்கொண்டு வரும் வண்டி நிற்காததற்கு டிரைவரைத் திட்டிப் பயனில்லை. அந்த நேரத்துக்கு இன்னொரு நடை கேட்க வேண்டும், அதற்கும் 14 நாள் கணக்குதான். எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள் என்று தலை எண்ணி எழுதுங்கள்.

பாலத்தில் ஏறிவிடுகிறதா? ஐந்து ரோட்டில் 2020ல் ஈரடுக்கு மேம்பாலம் திறந்ததிலிருந்து கீழே நிற்கிறவருக்கும் மேலே போகும் வண்டிக்கும் சம்பந்தமில்லை. ஏறும் முன்பே "கீழ வழியா போகுங்களா" என்று கேட்டுவிடுவது நல்லது.

காலியாகவே வந்து, இடமும் இருந்து, கை காட்டியும் போனதென்றால் மட்டும் அது புகார். பெண்கள் மட்டும் நிற்கும்போது நிற்காமல், ஆண் ஒருவர் நின்றால் நிற்கிறது என்ற சந்தேகத்தோடு நிறையப் பேர் வருகிறார்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணமில்லை, அந்தப் பணத்தை அரசு கழகத்துக்குக் கொடுத்துவிடுகிறது, கண்டக்டர் பையிலிருந்து ஒரு ரூபாயும் போவதில்லை. சந்தேகத்தை எழுதாதீர்கள், பத்து நாள் எண்ணிப் பாருங்கள்: பெண்கள் மட்டும் நின்ற நாள் எத்தனை, நிறுத்தியது எத்தனை, வண்டி எண் என்ன. ஒரே எண் மூன்று தடவை வந்தால் அரசு பஸ் புகார் எண்ணான 149க்குப் போன் போட்டு அந்த எண்ணையும் நேரத்தையும் மட்டும் சொல்லுங்கள். ஒரு தடவைக்காக ஒருவர் வேலையில் கை வைக்காதீர்கள் என்பது என் கருத்து. காலை நாலு மணிக்கு வண்டி எடுத்தவருக்கும் கண் அசரும்.

அறிகுறி 3: மூன்று வண்டி ஒன்றாக வருகிறது, அப்புறம் முக்கால் மணி நேரம் ஈ காக்கை இல்லை

நெரிசலில் முன் வண்டி மாட்டிக்கொண்டு பின்வண்டி பிடித்துவிடுவது ஒரு வகை. இது நாளுக்கு நாள் நேரம் மாறும். இதற்கு ஸ்டாப்பில் வைத்தியம் கிடையாது, மூன்றாவது வண்டியில் ஏறுங்கள், உட்கார இடம் இருக்கும்.

இன்னொரு வகை தினமும் அதே நேரத்தில் நடக்கும். அது வண்டிகளுக்குள் இருக்கும் போட்டி. முன்னால் போகிறவர் ஆள் சேரட்டும் என்று வண்டியை உருட்டிக்கொண்டே போவார், பின்னால் வருகிறவர் நேரம் போகிறதென்று விரட்டுவார், நான்கு ரோட்டில் இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் நம் உயிர். ஒவ்வொரு தனியார் வண்டிக்கும் எந்த இடத்தில் எத்தனை மணிக்கு இருக்க வேண்டும் என்பது ஆர்டிஓ நிர்ணயித்த நேரப் பட்டியலில் இருக்கிறது, அதுவும் பர்மிட் நிபந்தனைதான். நடுவழியில் ஒரே ஒரு ஸ்டாப்பைத் தேர்ந்தெடுத்து ஒரு வாரம் எல்லா வண்டியின் நேரத்தையும் குறியுங்கள். அதை வைத்து ஆர்டிஓவிடம் நேரத்தை மறுபடி நிர்ணயிக்கக் கேட்கலாம். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு டைமிங் கான்ஃபரன்ஸ் என்று வைப்பார்கள். பொதுமக்கள் கணக்கு ஒன்று மேஜையில் இருந்தால் அங்கே பேச்சு சுருக்கமாக முடியும்.

அறிகுறி 4: சேலம் டிக்கெட் எடுத்தேன், நடுராத்திரி பைபாஸில் இறக்கிவிட்டார்கள்

இது வெளியூர் வண்டிக்காரர்களின் வியாதி. மதுரை பக்கமிருந்து பெங்களூரு போகிறவர்கள் சீலநாயக்கன்பட்டியிலோ கொண்டலாம்பட்டியிலோ இறக்கிவிட்டு, "இங்கதாங்க சேலம்" என்பார்கள். அங்கிருந்து புது பேருந்து நிலையம் வர ஆட்டோ கேட்கும் காசு சில சமயம் பஸ் டிக்கெட்டையே தாண்டும்.

ஏறும்போதே "புது பஸ் ஸ்டாண்ட் உள்ள போகுமா" என்று கேளுங்கள். "சேலம் போகுமா" என்று கேட்டால் எல்லாரும் போகும் என்றுதான் சொல்வார்கள். முன்பதிவு என்றால் டிக்கெட்டில் இறங்கும் இடம் என்னவென்று இருக்கிறது பாருங்கள். பைபாஸ் ரவுண்டானா பெயர் போட்டிருந்தால் உங்கள் தவறு, விட்டுவிடுங்கள். பேருந்து நிலையம் என்று போட்டிருந்தும் வெளியே இறக்கினால் இறங்குமுன் வண்டி எண்ணைப் படம் எடுங்கள், ஆட்டோக்காரரிடம் ஒரு துண்டுச் சீட்டில் தொகை எழுதி வாங்குங்கள். அரசு வண்டி என்றால் 149, தனியார் என்றால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தனியாக வரும் பெண் என்றால் இதெல்லாம் அப்புறம், வெளிச்சமும் ஆளும் இருக்கும் இடத்தில் நின்று பெண்கள் உதவி எண்ணான 181க்குப் பேசுங்கள்.

அறிகுறி 5: இலவசம் என்றார்கள், டிக்கெட் கேட்கிறார்கள்

எக்ஸ்பிரஸ், மொபசல் (வெளியூர் வண்டி), தனியார், மினி பஸ் எதிலும் மகளிர் இலவசம் கிடையாது. சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் மட்டும்தான், கண்ணாடியில் எழுதியிருக்கும். அதிலும் கட்டணமில்லாச் சீட்டு ஒன்று கொடுப்பார்கள், அதைக் கேட்டு வாங்கி இறங்கும்வரை வைத்திருங்கள், செக்கர் ஏறினால் அதுதான் கேள்வி. இதில் மனு எழுத எதுவுமில்லை.

அறிகுறி 6: ஏற்காட்டுக்காரர் பிரச்சினைகள்

சேர்வராயன் மலை தனி உலகம். சேலத்திலிருந்து கோரிமேடு, அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகும் வண்டிகளை நம்பித்தான் நாகலூர், செம்மடுவு, வாழவந்தி, மாரமங்கலம் ஆட்கள் ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் வந்து போகிறார்கள். கீழே ஒரு நடை தவறினால் அரை மணி நேரம் வீண், மேலே ஒரு நடை தவறினால் ஒரு நாள் வீண். இந்த வித்தியாசம் தெரியாத ஆபீசர்தான் ஸ்பேர் இல்லாத அன்று மலை வண்டியை முதலில் நிறுத்துவார்.

சனி ஞாயிறு ஏற முடியவில்லையா? சுற்றுலாக் கூட்டம். சேலத்திலேயே நிறைந்துவிடும், கோரிமேட்டில் காத்திருப்பது வேலைக்காகாது. கிளம்பும் இடத்துக்கே போய் ஏறுங்கள். இறங்கும்போதும் ஒண்டிக்கடையில் கை காட்டிக்கொண்டு நிற்காமல் ஏற்காடு பேருந்து நிலையத்துக்கு நடந்துவிடுங்கள். மே மாதக் கோடை விழா என்றால் விடியற்காலை வண்டியைத் தவிர மற்றதை மறந்துவிடுங்கள்.

மழையில் வண்டி வரவில்லையா? முதலில் ரோடு இருக்கிறதா பாருங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் அடிவாரப் பாதையில் மண்சரிந்து போக்குவரத்தைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிட்டார்கள். அந்த மாதிரி நாளில் அடிவாரத்தில் நின்றால் நின்றதுதான். செக்போஸ்ட்டில் கேட்டுவிட்டு அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் பக்கம் போங்கள். பாதை சுற்று, நேரமும் கூடும்.

கடைசி வண்டி அடிக்கடி போகாமல் நிற்கிறதா? இதற்கு 14 நாள் காத்திருக்க வேண்டாம், இரண்டு தடவை நடந்தாலே எழுதுங்கள். மலைக் கிராமத்துக்கு வேறு வழி இல்லை என்பதையும், யார் யார் எங்கே ராத் தங்கினார்கள் என்பதையும் எழுதுங்கள். செம்மடுவுப் பக்கத்துப் பையன் ஒருவன் கடைசி வண்டி இல்லாமல் பழைய பேருந்து நிலையத்தில் புத்தகப் பையைத் தலைக்கு வைத்துப் படுத்து, காலையில் அப்படியே பரீட்சைக்குப் போனான். அந்த ஒரு வரியை மனுவில் சேர்த்தோம். நடை திரும்ப வந்தது அந்த வரியாலா, தேதிக் கணக்காலா என்று சொல்ல முடியாது, இரண்டையும் வைத்துத்தான் கொடுத்தோம்.

வாந்தி வருகிறதா? முன் சீட்டு, காலி வயிறு வேண்டாம், நிறைந்த வயிறும் வேண்டாம், போனைப் பார்க்காதீர்கள். எலுமிச்சம்பழம் உதவும் என்று என் மனைவி சொல்வாள். எனக்கு உதவியதில்லை.

அறிகுறி 7: எங்கள் ஊருக்கு வண்டியே கிடையாது

அரசு வண்டி கேட்டு மனு கொடுங்கள், அதோடு நிற்காதீர்கள். 2025ல் நடைமுறைக்கு வந்த புது மினி பஸ் திட்டத்தில் 25 கிலோமீட்டர் வரை தடம் எடுக்கலாம், அதில் 65 சதவீதமாவது இதுவரை பஸ் போகாத பாதையாக இருக்க வேண்டும். ஆனால் யாராவது ஒருவர் சொந்த வண்டி வாங்கி ஓட்ட முன்வர வேண்டும். தடம் அறிவித்தும் வண்டி போட ஆளில்லை என்றால் ஒன்றும் நடக்காது. ஊரில் எத்தனை பேர் தினமும் எங்கே போகிறார்கள் என்று ஒரு கணக்கு எடுத்து வைத்திருந்தால் ஆர்டிஓவுக்கும் காட்டலாம், வண்டி வைத்திருப்பவருக்கும் காட்டலாம். இரண்டாமவர்தான் அதை ஊன்றிப் படிப்பார்.

எப்போது பெரிய இடத்துக்குப் போவது

முத்திரை வாங்கிய மனுவுக்கு ஒரு மாதம் பொறுங்கள். அப்புறம் முதல்வர் உதவி மைய எண்ணான 1100க்கு, அல்லது திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் நாளில். பழைய மனுவின் முத்திரை நகலை மேலே வையுங்கள், அதைப் பார்த்தால்தான் இது இரண்டாவது தடவை என்று தெரியும். நூறு பேர் கையெழுத்தைவிட நோட்டுக் கணக்கு இரண்டு பக்கம் மேல். கையெழுத்துகளை யாரும் எண்ணுவதில்லை.

"நடையையே எடுத்துவிட்டோம்", "எல்லாம் சரியாகத்தான் ஓடுகிறது" என்ற பதில் வந்தால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டி, அந்தத் தடத்தின் அங்கீகரித்த கால அட்டவணை நகல், குறிப்பிட்ட இரண்டு மாதத்தில் ரத்தான நடைகளின் தேதி, பதிவேட்டில் உள்ள காரணம் என்று மூன்று மட்டும் கேளுங்கள். "ஏன் எடுத்தீர்கள்" என்று கேட்காதீர்கள், அவர்களிடம் ஆவணமாக இருப்பதைத்தான் தருவார்கள், விளக்கம் கேட்டால் தட்டிவிடுவார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. தனியார் வண்டி தொடர்ந்து நடையை வெட்டுகிறது என்று கணக்கோடு நிரூபித்தால் பர்மிட்டை நிறுத்திவைக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் அந்த அளவுக்குப் போகுமுன் ஒரு வக்கீலைப் பாருங்கள். பெண்கள், பட்டியலினத்தவர், வருமானம் குறைந்தவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே கிடைப்பார்.

விபத்து, விழுந்து அடிபட்டது, கதவு இடித்தது என்றால் என் கடைக்கு வராதீர்கள். 108, அப்புறம் போலீஸ், எஃப்ஐஆர் நகல், அப்புறம் நேராக வக்கீல். நஷ்டஈட்டு மனுவுக்குச் சட்டத்தில் 6 மாதக் கெடு இருக்கிறது, ஆறப் போடக் கூடாது.

எந்தப் புகாராக இருந்தாலும் டிக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள். மெஷினில் வரும் சீட்டு சூட்டில் அச்சாகிற காகிதம், சட்டைப் பையில் வியர்வை பட்டால் கொஞ்ச நாளில் வெள்ளையாகிவிடும். நுகர்வோர் ஆணையத்துக்கென்று ஒருவர் கொண்டு வந்து நீட்டிய சீட்டில் ஒரு எழுத்துகூட இல்லை. அன்றைக்கே ஒரு நகல் எடுத்துவிடுங்கள். கடைக்கு வியாபாரம் பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், போனில் படம் எடுத்தாலும் போதும்.